ஆண்டுக் கடைசி விடுமுறையும் நம் பிள்ளைகளும்

(பள்ளியாண்டு முடிவை ஒட்டி, தோட்டத்துப் பெற்றோரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, தோழர்களே, கிராணிமார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து ‘இது எப்போது முடியும்’ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே!

இந்தக் கூட்டம் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூட்டியதல்ல. போனஸைப் பற்றியும் இன்று பேச்சில்லை. பள்ளிக்கூடம் மூடப்போகிறது; அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். “பள்ளிக்கூடம் மூடுவதற்கு ஒரு கூட்டமா? அது வருடா வருடம் மூடுகிறது, வருடா வருடம் திறக்கிறது” என்று சிலர் கேட்கக்கூடும். திறக்கத்தான் செய்கிறது. ஆனால் மூடின அன்று வெளியே வந்த பிள்ளைகள் எல்லாரும் திறக்கிற அன்று உள்ளே போகிறார்களா? அதுதான் நமது கேள்வி.

சீமையிலே வெயில் காலத்தில் பள்ளியை மூடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் சித்திரை வெயிலில்தான் பெரிய விடுமுறை. நமக்கோ கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. நம்முடைய நீண்ட விடுமுறை அடைமழையோடு வருகிறது. ஆண்டுக் கடைசியில் மூடி ஜனவரியில் திறப்பது இந்நாட்டின் பழைய வழக்கம். கொரோனா நோய்க் காலத்தின் விளைவாக 2022ஆம் ஆண்டில் பள்ளித் தொடக்கம் மார்ச்சு மாதத்திற்குத் தள்ளிப்போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, 2026இல் மறுபடியும் ஜனவரிக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆகவே பழைய கணக்கே இப்போது நமக்கும் கணக்கு. ஆண்டு முடிகிறபோது படிப்பும் ஓய்கிறது.

இந்த விடுமுறை தோட்டத்துக் குடும்பத்தின் வருடத்தில் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசியில் தீபாவளி வந்து போயிருக்கும். பிள்ளைகளுக்குத் துணி, பலகாரச் சாமான், வந்தவர் போனவருக்குச் சோறு என்று கடையில் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி அடைபடுமுன் மழை பிடித்துக்கொள்ளும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டினாலும் பால் கோட்டிலே நில்லாமல் மரத்தோடு வழிந்து இறங்கிவிடும். மங்கில் விழுந்ததிலும் மழைத் தண்ணீர் சேர்ந்துவிடும். பெரட்டுக் களத்தில் வானத்தைப் பார்த்து நின்றுவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்புகிற நாள்கள் இந்த மாதங்களில்தான் அதிகம். அதற்கடுத்து ஜனவரி. வெள்ளைச் சட்டை, காலணி, நோட்டுப் புத்தகம், பஸ் காசு. நடுவிலே பொங்கல், தைப்பூசம். அது முடிந்து மூச்சு விடலாம் என்றால், கித்தா மரம் இலையுதிர்த்துப் புதுத்துளிர் விடும் காலம். பிப்ரவரி, மார்ச்சில் பாலும் குறைந்துபோகும்.

வரும்படி குறைந்து செலவு கூடுகிற இந்த இடுக்கிலேதான், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கையும் காலும் வளர்ந்து, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். தகப்பன் மனம் என்ன சொல்லும்? “நாளைக்கு நீயும் வாடா தம்பி, மங்காவது துடை” என்றுதான் சொல்லும். அதைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லுகிறவர்கள் மழைக் காலத்தில் ஐந்து வாய்க்கு அரிசி போட்டுப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் வாரம் பையன் மங்கு துடைக்கிறான், ஒட்டுப்பாலை உரிக்கிறான், கட்டிப்பாலைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறான். இரண்டாம் வாரம் வாளி சுமக்கிறான். மூன்றாம் வாரம், யாரும் பார்க்காத கோடியில் நிற்கிற கிழட்டு மரத்தில் தகப்பன் உளியைக் கையில் கொடுத்துப் பார்க்கிறார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை! பள்ளியில் கணக்குக்குச் சிவப்பு மையில் வட்டம் வாங்கியவனை, இங்கே பக்கத்து நிரைக்காரர் “அட, கை வருதே!” என்று பாராட்டுகிறார். சம்பள நாளில் பத்து இருபது வெள்ளி கைக்கு வருகிறது. ஜனவரி வருகிறது. காலணி வாங்கப் பணம் போதவில்லை. “அடுத்த வாரம் போகலாம்” என்கிறார்கள். அடுத்த வாரம் தாய்க்குக் காய்ச்சல். மூன்றாவது வாரம் பையனுக்கே கூச்சம் வந்துவிடுகிறது. எல்லாரும் பாடத்தில் முன்னேறியிருப்பார்கள், ஆசிரியர் எல்லார் முன்னும் எழுப்பிக் கேட்பார், எப்படிப் போவது? போகவில்லை.

தோழர்களே, இந்தக் கதையில் பையனின் படிப்பை நிறுத்தியது யார்? தகப்பன் நிறுத்தவில்லை. தாய் நிறுத்தவில்லை. பள்ளி பெயரை அடிக்கவில்லை. அவனும் ‘நான் இனிப் போகமாட்டேன்’ என்று சொல்லவில்லை. எந்த நாளில் நின்றது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் இப்படித்தான் ஓசையில்லாமல் நின்றிருக்கிறது. அதனால்தான் பள்ளி திறக்கும்போது கூட்டம் போடாமல் மூடும்போது போட்டிருக்கிறோம்.

பழைய செய்தி கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் தானாக வந்துவிடவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று விதித்தது. வைத்தார்கள். சில இடத்தில் பிள்ளை மடுவக் கொட்டகைதான் பள்ளிக்கூடம், கிராணியாரே வாத்தியார், கிராணியாருக்கு ஓய்வில்லாத இடத்தில் எழுத்தறிந்த கங்காணி வாத்தியார். (கிராணிமார்கள் சிரிக்கிறார்கள். உங்கள் முன்னோர் செய்த தொண்டைத்தான் சொல்லுகிறோம்.) 1957இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. ஆயினும் ஆறாம் வகுப்போடு பாதை அடைத்துக்கொண்டது. இடைநிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. தேறாதவனுக்கு அந்த ஆண்டின் விடுமுறைக்கு முடிவே இல்லை.

1965 முதல் அந்த நுழைவுத் தேர்வு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் மேலே போகலாம் என்றாயிற்று. நம் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து, மூன்றாம் படிவம் வரை போனார்கள். அங்கே எல்.சி.இ. என்கிற மேடு. அந்தத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த விடுமுறையில் உளி பிடித்த தோட்டத்துப் பையன்கள் எத்தனை எத்தனை பேர்! இன்று இந்தக் கூட்டத்தில் தலை நரைத்து உட்கார்ந்திருக்கும் சிலருக்கே அது தெரியும். 1978இல் அந்தத் தேர்வுக்கு எஸ்.ஆர்.பி. என்று பெயரிட்டார்கள், 1993இல் பி.எம்.ஆர்.; 2014இல் பி.டி.3. 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வு அதற்கு முந்திய ஆண்டே போய்விட்டது.

தேர்வு போனதால் ‘நீ தோற்றுப்போனாய், வீட்டுக்குப் போ’ என்று சொல்லுகிற கொடுமை போயிற்று. அது நல்லதே. ஆனால் ஒரு சங்கடமும் கூடவே வந்திருக்கிறது. முன்பு முடிவுத்தாளைப் பார்த்தாவது வீடு விழித்துக்கொண்டது. இப்போது ஆண்டுக் கடைசியில் பிள்ளை கொண்டுவரும் அட்டையில் பாடத்துக்குப் பாடம் 1 முதல் 6 வரை நிலை எண் போட்டிருக்கிறார்கள். தாயும் தகப்பனும் பார்த்து, சிவப்பு மை இல்லை, ஆகவே பாசு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை அம்மா. 3 என்பது அந்தப் பாடத்தில் இருக்க வேண்டிய குறைந்த அளவு. 1, 2 என்று இருந்தால் பிள்ளை பின்தங்கியிருக்கிறது. முக்கியமாக மலாய் மொழி, கணிதம் இரண்டையும் பாருங்கள். தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை நேரே முதலாம் படிவம் போகுமா, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்குமா என்பது மலாய் மொழியைப் பொறுத்தது. மலாய் பின்தங்கிய பிள்ளை அடுத்த ஆண்டு எல்லாப் பாடத்திலும் பின்தங்கும். பாடமெல்லாம் அந்த மொழியில்தானே நடக்கிறது! பின்தங்கிய பிள்ளைதான் விடுமுறையில் உளியைக் கண்டு மகிழ்கிறது. இரண்டும் ஒரே முடிச்சு.

நிற்க. சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். 1966ஆம் ஆண்டில் சிறுவர், இளையோரை வேலைக்கு வைப்பது பற்றித் தனிச் சட்டம் வந்தது. அப்போது பதினான்கு வயதுக்குக் குறைந்தவர் சிறுவர். 2019இல் திருத்தி, பதினைந்து வயதுக்குக் குறைந்தவர் சிறுவர் என்றும், அதற்குமேல் பதினெட்டுக்குக் குறைந்தவர் இளையோர் என்றும் ஆக்கினார்கள். சிறுவரை இரவு எட்டு மணி முதல் காலை ஏழு மணி வரை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. குடும்பத்தார் நடத்துகிற தொழிலில் இலேசான வேலை செய்யலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் தோட்டம் நம் குடும்பத் தொழில் அல்லவே! அது கம்பெனியுடையது. இளையோருக்கு விதி சற்றுத் தளர்வு. ஆயினும் அவர்களுக்கும் ஆபத்தான வேலை கூடாது. மருந்துத் தொட்டியைப் பிள்ளை முதுகில் ஏற்றுகிறவர் எவராயினும் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவரே.

காலை ஏழு மணி என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். விடியுமுன் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் போய், அழுத்தம் குறைந்து, பால் சுருங்கும். ஆகவேதான் இருட்டோடு போகிறோம். மரம் ஏழு மணிக்கு முன்னால் கூப்பிடுகிறது. சட்டம் ஏழு மணிக்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிடாதே என்கிறது. பால்வெட்டுக்கும் பிள்ளைக்கும் ஒத்துவராது என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா?

சட்டம் கிடக்கட்டும், தொழிலாளியின் கண்ணால் பார்ப்போம். நிரை ஒன்று. செக்ரோலில் பெயர் ஒன்று. ஆனால் அந்த நிரையில் தகப்பன் வெட்ட, தாய் பால் எடுக்க, பையன் கட்டிப்பால் பொறுக்க, மூன்று ஜோடிக் கைகள் ஓடுகின்றன. பால் கொட்டகையில் தராசு என்ன காட்டுகிறது? ஒரு ஆள் இத்தனை கிலோ கொண்டுவந்தான் என்று காட்டுகிறது. துரை என்ன எண்ணுவார்? இத்தனை மரம் ஒருவரால் வெட்ட முடிகிறது, இந்த விலைக்கு இவ்வளவு சம்பாதிக்கவும் முடிகிறது என்றுதான் எண்ணுவார். நாளைக்குச் சம்பளப் பேச்சிலே சங்கம் போய் உட்கார்ந்து ‘நிரை பெரிது, கூலி போதாது’ என்று வாதாடினால், நம்முடைய செக்ரோலையே எடுத்து நம் முன்னே போடுவார்கள். பெயரில்லாத அந்தச் சின்னத் தொழிலாளி, கூலி வாங்காமல் வேலை செய்வதோடு நிற்கவில்லை. தன் தகப்பனுடைய கூலியையும் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கு அது தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

மரத்துக்கும் இதில் நன்மையில்லை. பட்டையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவியெடுத்து, கட்டையைத் தொடாமல் உளியை நிறுத்துவது விளையாட்டுக் கையால் ஆகிற காரியமல்ல. ஆழமாகப் பட்டால் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிற்காலத்தில் அந்த இடத்தில் கோடு ஓடாது. பிள்ளை போட்ட காயத்துக்கு மண்டோரிடம் பேச்சு வாங்குவது தகப்பன்தான்.

இன்று கித்தாக் காடு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். பல தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகி, லயம் இருந்த இடத்துக்கு அடையாளமாக ஒரு கோயில் மட்டும் நிற்கிறது. உளி பிடிக்கிற நம்மவரின் தொகையும் குறைந்துவிட்டது. ஆனால் விடுமுறையின் வேலை அதேதான். செம்பனையில் பிள்ளை உதிரிப்பழம் பொறுக்குகிறான். பட்டணத்து ஓரத்தில் கார் கழுவுகிறான், சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிறான். ஐந்தாம் படிவம் எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காக மாதக் கணக்கில் காத்திருக்கிறவர்களுக்கோ தொழிற்சாலை வாசலில் பஸ்ஸே வந்து நிற்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பதினேழு, பதினெட்டு வயதில் அது பெரிய பணம். இரண்டாவது மாதச் சம்பளத்தில் முன்பணம் கட்டி மோட்டார் சைக்கிள் எடுக்கிறான். எஸ்.பி.எம். முடிவு வருகிறது, சுமாராகத் தேறியிருக்கிறான், தொழிற்கல்லூரிக்கு மனுப் போடலாம். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் பல மாதத் தவணை இருக்கிறதே! அந்தத் தவணை முடிவதற்குள் மனுப் போடும் நாளும் போய்விடும், படிக்கிற பழக்கமும் போய்விடும். மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று நாம் சொன்னால் தம்பிமார்கள் நம்மைக் கிழவர்கள் என்பார்கள். சொல்லட்டும். முடிவு வருகிற வரைக்கும் தவணைத் தாளில் கையெழுத்துப் போடாதே, தம்பி. வேலைக்குப் போ, சம்பாதி, தாய் கையில் கொடு, கொஞ்சம் சேர்த்தும் வை. தவணை மட்டும் வேண்டாம்.

தங்கைமார்களைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சு. பையன் விடுமுறையில் வேலைக்குப் போனால் ஊர் பார்க்கிறது. பெண் பிள்ளைக்கு விடுமுறை என்று ஒன்று தொடங்குவதே இல்லை. தாய் விடிகாலை ஐந்து மணிக்கு வெளியேறிவிட்டால், அடுப்பும் துணியும் கைக்குழந்தையும் அவள் தலையில். ஆயாக் கொட்டகை இல்லாத தோட்டமென்றால் கேட்கவே வேண்டாம். இதை வேலை என்று யாரும் எழுதுவதில்லை. எந்தச் செக்ரோலிலும் இதற்குக் கட்டம் இல்லை. பிறகு ஒரு நாள், பெரும்பாலும் விடுமுறையில்தான், பாட்டி சொல்லுவார்: “புள்ள பெரிய மனுஷி ஆயிட்டா. இனி பஸ்ஸுல போய்வர வேணாம்.” அத்தோடு முடிந்தது. பாட்டிமார்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்லுகிறோம். நீங்கள் பஸ்ஸைக் கண்டு பயப்படுவதில் நியாயம் உண்டு. அப்படியானால் அதே பஸ்ஸில் போகிற நான்கு பெண்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்புங்கள். பஸ் நிற்கிற இடத்தில் மாலையில் ஒருவர் போய் நில்லுங்கள். பயத்துக்கு மருந்து அதுதான். படிப்பை நிறுத்துவது அந்தப் பயத்துக்கு மருந்தல்ல.

பணம் இல்லை என்ற காரணத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஜனவரியின் பெரிய பாரம் பாடப்புத்தகந்தான். அண்ணன் படித்த புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தம்பி படித்தான். பாடத்திட்டம் மாறினால் அதுவும் ஆகாது. 1975இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூலைக் கடனாகக் கொடுக்கும் திட்டம் வந்தது. 2008 முதல் வருமானம் பாராமல் எல்லா மாணவருக்கும் அது கிடைத்தது. பள்ளித் தொடக்க உதவியாக 2023இல் ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி கொடுத்தார்கள். இவை போதுமா? போதா. காலணியும் பையும் பஸ்ஸும் இன்னும் நம் தலையில்தான். ஆனாலும் புத்தகத்தைக் காரணம் காட்டி நிறுத்துகிற காலம் போய்விட்டது. மிச்சமுள்ள செலவுக்குத் தீபாவளிக்கு முந்தியே மாதம் கொஞ்சம் ஒதுக்கி, அஞ்சலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ போட்டு வைக்கிற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். தீபாவளிக்குச் சீட்டுக் கட்டத் தெரிந்த தாய்மார்களுக்கு ஜனவரிக்கும் ஒரு சீட்டுக் கட்டத் தெரியாதா என்ன?

சரி, பிள்ளை விடுமுறையில் என்னதான் செய்வது? முதலில் தூங்கட்டும். ஆண்டு முழுவதும் ஐந்தரை மணி பஸ்ஸுக்கு எழுந்த பிள்ளை பத்து நாள் தூங்கினால் குடி முழுகிவிடாது. ஆற்றில் மீன் பிடிக்கட்டும். மழைக்கால ஆறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், தண்ணீர் திடீரென்று ஏறும். ஒரு நாள் தாயோடு நிரைக்குப் போய்ப் பார்க்கட்டும். ஆமாம், நாமேதான் சொல்லுகிறோம். வேலையாளாக வேண்டாம், பார்க்கிறவனாகப் போகட்டும். அந்த இருட்டும், கொசுக்கடியும், கால் வைக்கிற இடத்தில் அட்டையும், பத்து மணி வெயிலில் வாளியின் கனமும் அவனுக்குத் தெரிய வேண்டும். தன் காலணி எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளை அதைத் தொலைக்கமாட்டான்.

இங்கே ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘விடுமுறையை எவ்வாறு கழித்தேன்’ என்று ஜனவரியில் கட்டுரை எழுதச் சொல்லுகிறீர்கள். தோட்டத்துப் பிள்ளை பேனாவைக் கடித்துவிட்டு, தான் பார்த்தேயிராத கேமரன் மலையைப் பற்றியும் போர்ட் டிக்சன் கடற்கரையைப் பற்றியும் இரண்டு பக்கம் புளுகி எழுதுகிறது. அது எழுத வேண்டியது விடியற்காலை நிரையைப் பற்றி. அதைப் போலப் பட்டணத்துப் பிள்ளை எழுத முடியாது. கேட்டுப் பாருங்கள்; எழுதுவார்கள்.

தினம் ஒரு மணி நேரம் மலாயில் படிக்க வேண்டும். செய்தித்தாளானாலும் சரி, கதையானாலும் சரி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த மொழி ஓடுகிற வீட்டில் நம் பிள்ளை வளரவில்லை. ஆகவே நான்கைந்து வாரம் காதில் விழாமலும் நாவில் வராமலும் இருந்தால் பாதி கரைந்துபோகிறது. தமிழையும் விட்டுவிடாதீர்கள், ஆறாம் ஆண்டு முடித்து வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இந்த விடுமுறைதான் தமிழை மறக்கத் தொடங்குகிற காலம். இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்புக் கேட்க வேண்டியது பெற்றோரின் வேலை. கேட்கிற பிள்ளைகளின் தொகை குறைந்தால் வகுப்பு நடவாது. போன உடனேயே கேட்க வேண்டும். மார்ச்சு மாதத்தில் கேட்டு ஆகப்போவதில்லை.

கிராணிமார்களே, உங்களை நாம் சும்மா அழைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் எங்கே போவது என்ற கேள்வியே எழுவதில்லை. விடுமுறையில் அவர்கள் பாட்டி ஊருக்குப் போகிறார்கள், வருகிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். ஏன்? பாரம் நிரப்ப வீட்டில் ஆள் இருக்கிறது. பள்ளியிலிருந்து வருகிற கடிதத்தைப் படிக்க ஆள் இருக்கிறது. பால்வெட்டுகிறவர் வீட்டில் அந்தக் கடிதம் படிக்கப்படாமலே சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. உதவித்தொகை மனு, விடுதி மனு, பள்ளி மாற்றுப் பாரம் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. நீங்கள் ஆபீசில் தினமும் எழுதுகிற எழுத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு பிள்ளையின் ஆண்டு வீணாகாமல் இருக்க. இரண்டு கிராணிமார்கள் முன்வந்திருக்கிறார்கள். விடுமுறையில் வாரம் இரண்டு மாலை, பெரட்டுச் சீட்டு எழுதி முடித்த பிறகு, இதே மண்டபத்தில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. தேநீரும் உண்டு.

கடைசியாகப் பத்திர விஷயம். பன்னிரண்டு வயதில் பிள்ளை அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு விதமாகவும் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கிற வீடுகள் உண்டு. வெள்ளத்தில் போய்விட்ட வீடுகள் உண்டு. பிறப்பையே பதியாமல் விட்ட வீடுகளும் நம்மில் உண்டு. பெரிய தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போதுதான் இது வெளியே வருகிறது; அப்போது அலையாத அலைச்சல். விடுமுறையில் பதிவு இலாகா திறந்துதான் இருக்கிறது. பிள்ளைக்கும் பள்ளி இல்லை. மழையில் வேலை நின்ற நாளில் உங்களுக்கும் பெரட்டு இல்லை. பத்திரம் சரியில்லாதவர்கள் இன்று போகுமுன் வாசலில் இருக்கிற மேசையில் பெயரையும் லயத்து எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஆள் சேர்ந்ததும் வேன் ஒன்று பேசி எல்லாரும் ஒரே நாளில் போய்வரலாம். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, பள்ளி அட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். மழைக் காலம்.